மேலை நாட்டில் சீனத் திரைப்பட விழா: முதன்முறை போகிறவர்களுக்கு

பாரிஸ், இலண்டன், நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் மாதிரி ஊர்களில் இருப்பவர்களுக்குச் சீனப் படம் பார்க்க வாய்ப்புக்குக் குறைவில்லை. வருடத்தில் பல முறை ஏதாவது ஒரு விழா, ஒரு சிறப்புத் திரையிடல் நடந்துகொண்டே இருக்கிறது. ஆனால் விளம்பரம் கண்ணில் பட்டதும் டிக்கெட் எடுத்துப் போய், ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டு, ‘சீன சினிமா என்றால் ஒன்று போர்ப் படம், இல்லையென்றால் வாள் சண்டை’ என்று முடிவு கட்டிவிடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். இன்னொரு பக்கம், மூன்று மணி நேர ஆவணப்படம் ஒன்றில் போய் மாட்டிக்கொண்டு, அதோடு அந்தப் பக்கமே போகாதவர்களும் உண்டு. இரண்டு பேரும் தவறவிட்டது ஒன்றைத்தான். விழாவை நடத்துவது யார் என்று அவர்கள் பார்க்கவில்லை. அவர்கள் என்ன படம் பார்க்கப் போகிறார்கள் என்பது அங்கேயே பாதி முடிவாகிவிட்டது.

படி 1: நடத்துவது யார்?

நிகழ்ச்சிப் புத்தகம் கைக்கு வந்ததும் படப் பட்டியலுக்குப் போகாதீர்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்புங்கள். அடியில் வரிசையாகச் சின்னங்கள் இருக்கும். தூதரகம், பண்பாட்டு மையம், விமான நிறுவனம், சீனத் தயாரிப்பு நிறுவனங்கள் என்று இருந்தால் அது ஒரு வகை. நகராட்சி, உள்ளூர் ஃபிலிம் சொசைட்டி, திரைப்பட ஆவணக் காப்பகம் என்று இருந்தால் வேறு வகை. ஒரு பல்கலைக்கழகத் துறையின் பெயர் மட்டும் தனியாக இருந்தால் மூன்றாவது வகை.

முதல் வகையில் சீன அரசின் ஆதரவு நேரடியாக இருக்கும். பாரிஸில் சீனப் பண்பாட்டு மையம் 2002 இல் திறக்கப்பட்டது. பெர்லின் உட்பட வேறு பல ஊர்களிலும் இப்படி மையங்கள் இருக்கின்றன. இவற்றின் திரையிடல்கள் பல நேரம் இலவசம், முன்கூட்டியே பெயர் பதிவு செய்தால் போதும். இங்கே வருபவை சீனாவில் முறைப்படி அனுமதி பெற்ற படங்கள்: வசூலில் வென்றவை, குடும்பப் படங்கள், அனிமேஷன், வரலாற்றுப் படங்கள். ‘அரசுப் பிரசாரம்தானே’ என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கோடிக்கணக்கான சீனர்கள் விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய் எதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், எதற்கு அழுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடையாது. அந்தப் படங்களில் பல மேலை நாட்டுத் திரையரங்குகளுக்கு வேறு வழியில் வருவதும் இல்லை.

இரண்டாவது வகையை நடத்துகிறவர்கள் சினிமாப் பைத்தியங்கள். இத்தாலியின் ஊதினே, பிரான்சின் நாந்த், வெசூல் ஆகிய ஊர்களில் நடக்கும் விழாக்கள், அமெரிக்காவில் நியூயார்க் ஆசியத் திரைப்பட விழா எல்லாம் இந்தக் கணக்கில் வரும். இவை சீனாவுக்கு மட்டும் உரிய விழாக்கள் அல்ல, ஆசியா முழுவதற்குமோ அதற்கும் மேலேயோ விரிந்தவை. ஆனாலும் சீனப் படங்களை மேலை நாட்டு ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தியதில் இவற்றின் பங்கு மிகப் பெரியது. தைவான் இயக்குநர் ஹூ சியாவ்-சியென் உலகப் புகழ் பெறுவதற்கு வெகு முன்பே, 1984, 1985 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் அவருக்கு முதல் பரிசு கொடுத்தது நாந்த் விழா. சீன இயக்குநர் ஜியா ஜாங்க்கேயின் முதல் முழுநீளப் படமான ‘சியாவ் வூ’ 1998 இல் நாந்திலும் கனடாவின் வான்கூவரிலும் பரிசு வாங்கியது. அப்போது அந்தப் படத்தைச் சீனாவில் திரையரங்கில் காட்ட முடியாது.

அந்தக் கடைசி வரிதான் மூன்றாவது வகைக்குக் கொண்டுபோகிறது. சீனாவில் ஒரு படம் வெளியாக அரசின் திரையிடல் அனுமதி வேண்டும். ஜியா ஜாங்க்கேயின் முதல் மூன்று படங்களுக்கும் அது இல்லை. 2004 இல் வந்த ‘தி வேர்ல்ட்’ படத்துக்குத்தான் முதன்முதலில் கிடைத்தது. 2017 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த திரைப்படத் தொழில் சட்டம், அனுமதி பெறாத படத்தை வெளிநாட்டு விழாக்களுக்கு அனுப்புவதையும் தடுக்கிறது. உள்ளூரிலும் இடம் குறைந்துகொண்டே வந்தது. பெய்ஜிங் சுயாதீனத் திரைப்பட விழாவை 2014 ஆகஸ்டில் அதிகாரிகள் நடக்கவிடவில்லை. அந்தப் படங்களும் அவற்றை எடுத்தவர்களும் எங்கே போவார்கள்? ஒரு பகுதி மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சீன சுயாதீனத் திரைப்படங்களுக்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது. நியூயார்க் பல்கலைக்கழகம் ‘ரீல் சைனா’ என்ற பெயரில் ஆவணப்பட விழா நடத்தி வந்திருக்கிறது. நாற்காலி வசதியாக இருக்காது, பாப்கார்ன் கிடைக்காது. ஆனால் வேறெங்கும் பார்க்கவே முடியாத படங்கள் அங்கேதான் ஓடும்.

ஹாங்காங், தைவான் படங்களுக்குத் தனி விழாக்கள் உண்டு, அவற்றையும் இதே கண்ணோடு பாருங்கள். ஹாங்காங்கில் 2021 அக்டோபரில் தணிக்கைச் சட்டம் திருத்தப்பட்டு, தேசப் பாதுகாப்பு என்ற காரணத்தைச் சொல்லிப் படத்தைத் தடுக்க வழி வந்தது. அதற்குப் பிறகு வெளிநாடுகளில் நடக்கும் ஹாங்காங் படவிழாக்களும் இரண்டு வகையாகிவிட்டன. ஹாங்காங் அரசின் நிதியோடு ஊர் ஊராகப் போகிறவை ஒரு பக்கம். இடம் பெயர்ந்து வந்த ஹாங்காங் மக்கள் தாங்களே நடத்துகிறவை இன்னொரு பக்கம். ஒரே ஊரில் இரண்டும் நடக்கும். ஒன்றில் வரும் படம் மற்றொன்றில் பெரும்பாலும் வராது. முடிந்தால் இரண்டுக்கும் போய்விடுங்கள்.

படி 2: நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

வெசூல் விழா குளிர்காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரியில். ஊதினே ஏப்ரல் கடைசியில். நியூயார்க் ஆசிய விழா ஜூலையில். நாந்த் நவம்பர் இறுதியில். 2005 இல் தொடங்கிய சீன அமெரிக்கத் திரைப்பட விழா லாஸ் ஏஞ்சல்ஸில் நவம்பரில். தேதி வருடத்துக்கு வருடம் கொஞ்சம் முன்னே பின்னே போகும், விழாவின் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒன்றுக்காக மட்டும் பயணம் போக முடியும் என்றால் நான் ஊதினேயைச் சொல்வேன். வெனிஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். 1998 இல் ஹாங்காங் படங்களை மட்டும் காட்டும் நிகழ்ச்சியாக ஆரம்பித்து, அடுத்த வருடமே கிழக்காசியா முழுவதற்குமான விழாவாக வளர்ந்தது. பெரும்பாலான படங்கள் ஒரே இடத்தில், ஏறக்குறைய 1,200 பேர் உட்காரும் தெயாத்ரோ நுவோவோ அரங்கில் ஓடுகின்றன. காலையில் உள்ளே போனால் நள்ளிரவில் வெளியே வரலாம். இங்கே முதல் பரிசை முடிவு செய்வது நடுவர் குழு அல்ல, பார்வையாளர்கள். படம் முடிந்து வெளியே வரும்போது வாக்களித்துவிட்டு வருவீர்கள். அந்தப் பரிசின் பெயர் ‘கோல்டன் மல்பெரி’. அதையே வாழ்நாள் சாதனைக்காக 2015 இல் ஜாக்கி சானுக்கும் கொடுத்தார்கள். சண்டைப் படம், பேய்ப் படம், காதல் நகைச்சுவை எல்லாவற்றையும் மரியாதையோடு எடுத்துக்கொள்கிற விழா இது. அதனால் புதிதாக வருகிறவர்களுக்குப் பயமே இருக்காது. சிறிய ஊர் என்பதால் தங்கும் அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், படப் பட்டியல் வெளியாகும்வரை காத்திருக்காமல் அறையை எடுத்துவிடுங்கள். இலண்டனிலிருந்து போகிற இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்கான நாட்களையும் கணக்கில் சேருங்கள்.

சிறிய திரையிடல்களின் செய்தி நாட்காட்டியில் கிடைக்காது. சீன மாணவர்கள் தாங்களே ஏற்பாடு செய்கிறவை வீசாட், சியாவ்ஹோங்ஷு ஆகிய சீனச் செயலிகள், இன்ஸ்டாகிராம் வழியாகத்தான் பரவுகின்றன. கூடப் படிக்கிற, வேலை செய்கிற சீன நண்பர் ஒருவரிடம் ‘இப்படி ஏதாவது நடந்தால் எனக்கும் சொல்லு’ என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.

படி 3: படத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் விழாவில் மூன்று படம் போதும். சீனாவில் நன்றாக ஓடிய ஒரு புதிய படம், மெருகேற்றி மீட்ட ஒரு பழைய படம், ஒரு ஆவணப்படம் அல்லது சுயாதீனப் படம்.

இந்த மூன்றில் பழைய படத்தைத்தான் முதலில் டிக்கெட் எடுக்கச் சொல்வேன். புதிய படம் பின்னால் ஏதாவது ஓ.டி.டி.யில் வந்துவிடும். 1930களின் ஷாங்காய் மௌனப் படங்களைப் பெரிய திரையில், பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிக்கப் பார்க்கும் வாய்ப்பு அடிக்கடி வராது. அந்தக் கால நடிகை ருவான் லிங்யு நடித்து 1934 இல் வந்த ‘தி காடஸ்’ உங்கள் ஊரில் காட்டப்பட்டால் மற்ற வேலையைத் தள்ளிப் போட்டுவிட்டுப் போங்கள். மகனைப் படிக்க வைப்பதற்காகத் தெருவில் நின்று பாலியல் தொழில் செய்யும் ஒரு தாயின் கதை. பேச்சு இல்லை, இடையிடையே எழுத்து அட்டைகள்தான் என்பதால் மொழித் தடையும் குறைவு. ஃபெய் மூ 1948 இல் எடுத்த ‘ஸ்பிரிங் இன் எ ஸ்மால் டவுன்’ இன்னொன்று. இடிந்த மதில் சுவர், ஒரு வீடு, ஐந்தே பாத்திரங்கள். 2005 இல் ஹாங்காங் திரைப்பட விருது அமைப்பினர் எடுத்த கணிப்பில் சீன மொழிப் படங்களில் முதல் இடம் இதற்குத்தான் கிடைத்தது.

ஆவணப்படத்தில் நீளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாங் பிங் புகழ்பெற்ற இயக்குநர், ஆனால் அவருடைய ‘வெஸ்ட் ஆஃப் தி டிராக்ஸ்’ ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். ஜவுளிப் பட்டறைகளில் வேலை பார்க்கும் இளைஞர்களைப் பற்றி அவர் எடுத்த ‘யூத்’ வரிசையின் முதல் பகுதியே மூன்றரை மணி நேரம். மோசமான படங்கள் என்று சொல்ல வரவில்லை, அவற்றில் கிடைப்பது வேறு எங்கும் கிடைக்காது. வேலை முடிந்து களைத்துப்போன மாலையில் மட்டும் போகாதீர்கள்.

தேடும்போது பெயர்க் குழப்பம் ஒன்று வரும். ஒரே படத்துக்கு நாட்டுக்கு ஒரு பெயர். ஜியா ஜாங்க்கேயின் 2018 படத்துக்குச் சீனத்தில் ‘ஜியாங்ஹு அர்நுயு’, ஆங்கிலத்தில் ‘ஆஷ் இஸ் ப்யூரஸ்ட் வைட்’, பிரான்சில் ‘லெஸ் எடர்னெல்’. பார்த்த படத்துக்கே மறுபடி டிக்கெட் எடுக்காமல் இருக்க வேண்டும் என்றால் சீன எழுத்தில் உள்ள தலைப்பை நகலெடுத்துப் போட்டுத் தேடுங்கள், அது பெரும்பாலும் மாறாது. ஆட்களின் பெயரும் அப்படித்தான். சீனத்தில் குடும்பப் பெயர் முன்னால் வரும். ஜியா ஜாங்க்கேயில் குடும்பப் பெயர் ஜியா, ஆகவே அகரவரிசைப் பட்டியலில் ஜியா என்றே தேட வேண்டும். ஹாங்காங் நடிகை மேகி சேங் சீனாவிலிருந்து வரும் பட்டியலில் ஜாங் மான்யு என்று இருப்பார், ஆள் ஒருவர்தான்.

படி 4: சப்டைட்டில் எந்த மொழியில்?

டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டியது இது. சீனாவில் வெளியாகும் பல படங்களில் சீன சப்டைட்டிலும் அதன் கீழே ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். ஆனால் விழாவுக்கு வருவது அதே பிரதியா என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பிரான்சில் ‘வி.ஓ.எஸ்.டி.எஃப்.’ என்று போட்டிருந்தால் மூல மொழி ஒலி, பிரெஞ்சு சப்டைட்டில். ஜெர்மனியில் ‘ஓ.எம்.யு.’ என்றால் ஜெர்மன் சப்டைட்டில், நடுவில் ஓர் ‘ஈ’ சேர்ந்து ‘ஓ.எம்.ஈ.யு.’ என்று இருந்தால் ஆங்கிலம். அந்த ஓர் எழுத்தைக் கவனிக்காமல் விட்டால் மாலைப் பொழுது வீணாகிவிடும். ஊதினேயில் ஆங்கிலம் இருக்கும், கவலை இல்லை. நாந்த், வெசூல் விழாக்களுக்குப் பிரெஞ்சு தெரிந்திருந்தால் நல்லது. தெரியாதவர்கள் ஒவ்வொரு படத்துக்கும் தனியாக விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று. படம் முழுக்க மாண்டரின் என்கிற பொதுச் சீனத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காண்டனீஸ், ஷாங்காய் பேச்சு, ஷான்சி வட்டாரப் பேச்சு என்று மாறிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருக்கும் சீனரும் சப்டைட்டிலைப் படித்துக்கொண்டுதான் பார்ப்பார்.

படி 5: டிக்கெட்

ஐந்து படத்துக்கு மேல் பார்ப்பதாக இருந்தால் பாஸ் லாபமா என்று கணக்குப் போடுங்கள், இல்லையென்றால் தனி டிக்கெட்டே போதும். தொடக்க விழாப் படமும் முடிவு விழாப் படமும் பல இடங்களில் பாஸில் அடங்காது. மாணவர் சலுகை பெரும்பாலும் உண்டு, அடையாள அட்டையை மறக்காதீர்கள். இலவசத் திரையிடலில் பதிவு செய்துவிட்டு வராதவர்கள் ஏராளம். ஆகவே ‘இடம் இல்லை’ என்று இணையத்தில் காட்டினாலும், படம் தொடங்க அரை மணி நேரத்துக்கு முன்னால் வாசலில் போய் நில்லுங்கள். பல நேரம் உள்ளே விட்டுவிடுவார்கள்.

கிளம்பும் நாளில் நிகழ்ச்சி நிரலை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சீனப் படங்கள் கடைசி நேரத்தில் விலகுவது மற்ற நாட்டுப் படங்களைவிட அதிகம். 2019 பெர்லின் விழாவில் போட்டிப் பிரிவில் இருந்த ஜாங் யிமோவின் ‘ஒன் செகண்ட்’ படம் ‘தொழில்நுட்பக் காரணம்’ என்ற ஒரே அறிவிப்போடு விழா நடக்கும்போதே விலகியது. மாவோவின் கலாசாரப் புரட்சிக் காலத்தில் நடக்கும் கதை அது. உலகப் புகழ்பெற்ற இயக்குநருக்கே இந்த நிலை என்றால் சிறியவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 2025 நவம்பரில் நியூயார்க்கில் தொடங்கவிருந்த ‘இண்டிசைனா’ விழா தொடங்குவதற்குச் சற்று முன்னால் நிறுத்தப்பட்டது. படம் எடுத்தவர்களும் சீனாவில் இருக்கும் அவர்களுடைய வீட்டாரும் தொந்தரவுக்கு ஆளாகிறார்கள் என்பதுதான் காரணம். இப்படி ஒரு படம் நின்றுபோனால் விழாக்காரர்களிடம் கோபப்படாதீர்கள். பல நேரம் அவர்களால் காரணத்தை வெளியே சொல்லவும் முடியாது.

படி 6: அரங்குக்குள்

நேரத்துக்குள் போய் உட்காருங்கள். பெரும்பாலும் இடைவேளை கிடையாது. படம் தொடங்கும்போது கவனித்துப் பாருங்கள்: பச்சைப் பின்னணியில் பொன்னிற டிராகன் ஒன்று சில நொடிகள் தோன்றும். கீழே ஓர் அனுமதி எண், அதற்குள்ளேயே ஆண்டும் இருக்கும். சீன ரசிகர்கள் அதை ‘லோங்பியாவ்’ என்பார்கள். அது வந்தால் படம் தணிக்கையைத் தாண்டி வந்தது என்று அர்த்தம். ஆண்டைப் பாருங்கள், படம் எடுத்த வருடத்துக்கும் அனுமதி கிடைத்த வருடத்துக்கும் இடையே நிறைய இடைவெளி இருந்தால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. டிராகன் வராமலே சீனக் கதை ஒன்று தொடங்கினால், வேறு நாட்டுத் தயாரிப்பாக இருக்கலாம், அனுமதி இல்லாத படமாகவும் இருக்கலாம். டிராகன் இருப்பதால் படம் மோசம், இல்லாததால் நல்லது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அனுமதிக்குள் நின்றுகொண்டே கூர்மையாகப் பேசிய படங்கள் நிறைய உண்டு.

படி 7: கேள்வி நேரம்

இதை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். படம் முடிந்ததும் இயக்குநர் மேடைக்கு வருவார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். கேள்வி இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கட்டும், உங்கள் கருத்துரை வேண்டாம். ‘அந்தக் காட்சியில் கேமராவை அவ்வளவு தள்ளி வைத்தது ஏன்?’ என்பது மாதிரிப் படத்துக்குள் இருந்து கேட்டால் நல்ல பதில் கிடைக்கும்.

‘உங்கள் அரசைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று எழுந்து கேட்பவர் எல்லா விழாவிலும் ஒருவராவது இருக்கிறார். கேட்பவருக்கு இதில் எந்த நஷ்டமும் இல்லை, அவர் ரயிலேறி வீட்டுக்குப் போய்விடுவார். மேடையில் நிற்பவர் சீனாவுக்குத் திரும்பிப் போக வேண்டியவர். அரங்கில் யார் இருக்கிறார்கள், யார் பதிவு செய்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. இயக்குநர் லோவ் யே தன் ‘சம்மர் பேலஸ்’ படத்தை அனுமதி இல்லாமல் 2006 இல் பிரான்சின் கான் விழாவுக்குக் கொண்டுபோனதற்கு ஐந்து வருடம் படமெடுக்கத் தடை விதித்தார்கள். சொல்ல நினைத்ததை அவர் படத்திலேயே சொல்லியிருப்பார். அதற்கு மேல் அவர் வாயைக் கிளறாதீர்கள்.

சிறிய திரையிடல்களில் ‘போட்டோ வேண்டாம், வீடியோ வேண்டாம்’ என்று சொன்னால் அதை அப்படியே மதியுங்கள். பார்வையாளர்களில் சீன மாணவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய முகம் தெரியும்படி படம் எடுத்து இணையத்தில் போட வேண்டாம். படம் பிடித்திருந்தால் உங்கள் முகத்தோடு, உங்கள் வார்த்தையில் எழுதுங்கள், போதும்.

படி 8: டிக்கெட் காசு இல்லாதவர்களுக்கு

எல்லா விழாக்களுக்கும் தன்னார்வலர்கள் தேவைப்படுகிறார்கள். டிக்கெட் கிழிப்பது, விருந்தினரை ரயில் நிலையத்திலிருந்து அழைத்து வருவது, வாக்குச் சீட்டு எண்ணுவது என்று வேலை இருக்கும். பதிலுக்குப் பெரும்பாலும் இலவசமாகப் படம் பார்க்கலாம். அறிவிப்பு விழாவுக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் வரும். சீனம் தெரிய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. உள்ளூர் மொழியும் ஆங்கிலமும் தெரிந்து, சொன்ன நேரத்துக்கு வருகிறவராக இருந்தால் எடுத்துக்கொள்வார்கள். விண்ணப்பத்தில் எந்த நாட்களில், எந்த நேரத்தில் வர முடியும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள். காலை நேரத்துக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் அதற்குப் பெயர் கொடுத்தால் இடம் சுலபமாகக் கிடைக்கும், மாலைப் படங்களும் உங்களுக்கு மிச்சமாகும்.